விளங்காமலே கீழ்ப்படிதல்

நம் குடும்பங்களில் மிக எளிதாக நாவில் எழும் சொற்றொடர் ஒன்று உண்டு: ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்.’ மழை பொய்த்தாலும் சொல்கிறோம். மகளின் திருமணம் தள்ளிப்போனாலும் சொல்கிறோம். இளவயதில் ஒருவர் இறந்துபோக, துக்கம் கேட்க வந்தவர் அதையே சொல்லிவிட்டு, வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். சொன்னவருக்கு மனம் இலேசாகிவிடுகிறது. கேட்டவருக்கு? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தச் சொல் ஆறுதலாக விழுகிறதா, ‘இனி அழாதே, கேள்வி கேட்காதே’ என்ற கட்டளையாக விழுகிறதா?

கடவுளின் வழிகளை மனிதர் முழுவதும் அறிய இயலாது என்பது நம் நம்பிக்கையின் தொடக்கப் பாடம். அறியாத நிலையிலும் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அடுத்த பாடம். இவ்விரண்டையும் சிறுவயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் கற்றுவிட்டோம். ஆனால் எதை அறியவில்லை, எதை அறிந்திருக்கிறோம், அறியாமலே கீழ்ப்படிவது யாருக்கு என்ற கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதனால், கடவுளுக்கு மட்டுமே உரிய கீழ்ப்படிதலை அவர் பெயரைச் சொல்லி வரும் எவருக்கும் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது.

திருநூலில் இத்தகைய கீழ்ப்படிதலின் மிகத் தெளிவான உருவம் சூசையப்பர் என்று எனக்குத் தோன்றுகிறது. நற்செய்திகளில் அவர் ஒரு சொல்கூடப் பேசியதாக எழுதப்படவில்லை. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியிலோ 36 படலங்களிலும் 3615 பாடல்களிலும் வளன் என்ற பெயரில் அவர் காப்பியத் தலைவராக நடமாடுகிறார்; அங்கே பேசவும் பேசுகிறார். காப்பியத் தலைவன் வாய் திறக்காவிட்டால் காப்பியம் எப்படி நடக்கும்! ஆனால் மத்தேயு காட்டும் சூசையப்பரிடம் இருப்பவை நான்கு கனவுகளும் பயணங்களுமே. மரியாவை ஏற்றுக்கொள் என்கிறது முதல் கனவு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடு, நான் சொல்லும்வரை அங்கேயே இரு என்கிறது இரண்டாவது. திரும்பிப் போ என்கிறது மூன்றாவது. நான்காவது, கலிலேயாவின் பக்கம் திருப்பிவிடுகிறது.

இவற்றுள் எந்தக் கனவும் அடுத்த கனவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எகிப்தில் எத்தனை ஆண்டுகள் என்று அவருக்குத் தெரியாது. பெத்லகேமின் மற்றக் குழந்தைகள் வெட்டுண்டபோது தம் வீட்டுக் குழந்தை மட்டும் ஏன் தப்பியது என்பதற்கு எந்த வானதூதரும் அவருக்கு விடை கூறவில்லை. மகன் வளர்ந்து என்ன செய்யப்போகிறார் என்பதைக் கண்ணால் காணும்வரை அவர் இருந்ததாகவும் தெரியவில்லை. ஓரடிக்கு வெளிச்சம், அந்த ஓரடியை வைத்தபின் அடுத்த அடிக்கு வெளிச்சம். இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது.

ஆயினும் அவர் அறிவை அணைத்துவிட்டு நடந்தவர் அல்லர். முதல் கனவு வருமுன் அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று மத்தேயு குறிப்பிடுகிறார். எகிப்திலிருந்து திரும்பும் வழியில், ஏரோதின் மகன் அர்க்கெலா யூதேயாவை ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு, அங்கே போக அஞ்சினார். அந்த அச்சம் நம்பிக்கைக் குறைவு என்று நற்செய்தியாளர் கண்டிக்கவில்லை. நாட்டு நடப்பை அறிந்த ஒரு தந்தையின் நியாயமான அச்சம் அது. அதன் பின்னரே நான்காம் கனவு வந்து, அவருடைய கணிப்பை உறுதிசெய்வதுபோல் வேறு வழி காட்டுகிறது. கீழ்ப்படிகிறவரின் அறிவும் இறைவனின் குரலும் இங்கே ஒன்றையொன்று தள்ளிவிடாமல் கைகோத்துச் செல்கின்றன.

மரியன்னையும் கேள்வி கேட்டவரே. இது எப்படி நிகழும் என்று வானதூதரிடம் வினவிய பிறகே அவர் இசைந்தார். அதே அதிகாரத்தில் செக்கரியாவும் கேட்கிறார். அவருக்கோ பேச்சே நின்றுபோகிறது. (செக்கரியாவின்மீது எனக்கு எப்போதும் சிறிது இரக்கம் உண்டு. வாழ்நாள் முழுவதும் மன்றாடி ஓய்ந்துபோன முதியவர் சட்டென நம்ப முடியாமல் திகைத்ததில் வியப்பென்ன?) செக்கரியா தாம் நம்புவதற்கு ஓர் உறுதிச்சீட்டுக் கேட்டார், மரியாவோ தாம் நடக்க வேண்டிய வழியைக் கேட்டார் என்று விரிவுரையாளர்கள் வேறுபடுத்துவர். அன்று கிடைத்த விடையும் மரியாவுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கோவிலில் சிறுவன் சொன்ன சொல் அவருக்கும் சூசையப்பருக்கும் விளங்கவில்லை என்று லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்னையின் வாழ்வை நம்பிக்கைப் பயணம் என்றது; திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் வெளியிட்ட சுற்றுமடலில் அக்கருத்தை விரிவாக வளர்த்தார். பயணம் என்றாலே, போய்ச் சேர வேண்டிய ஊர் இன்னும் கண்ணில் படவில்லை என்றுதானே பொருள்?

ஆபிரகாமை இங்கே தவிர்க்க முடியாது. மோரியா மலைக்கு மகனை அழைத்துச் சென்ற அந்த நிகழ்ச்சியை வைத்து டென்மார்க்கு நாட்டு மெய்யியலார் கீர்க்கெகார் 1843இல் ஒரு நூலே எழுதினார். கடவுள் கேட்டால் அறத்தையும் மீறலாமா என்ற அவரது கேள்வி இன்றும் மனத்தைக் குடைகிறது. இதைப் பற்றி ஒன்றுமட்டும் சொல்லிவிட்டு மேலே செல்வேன். சோதோமுக்காக ஐம்பதிலிருந்து பத்துவரை ஆண்டவரிடம் பேரம் பேசியவரும் இதே ஆபிரகாம்தான். கத்தியை ஓங்கிய கையைத் தடுத்ததோடுதான் அந்நிகழ்ச்சி முடிகிறது. பிள்ளைகளை நெருப்பில் பலியிடுவது தாம் கட்டளையிடாததும் தம் எண்ணத்தில்கூட எழாததுமான செயல் என்று பின்னாளில் எரேமியா வாயிலாகக் கடவுள் கூறுகிறார். எனவே, ஆபிரகாமைச் சான்றுகாட்டிப் பிறர் கழுத்தில் கத்தி வைக்க எவரும் அனுமதி பெற முடியாது.

இந்த விவிலிய மாந்தர்க்கெல்லாம் வானதூதரோ கனவோ குரலோ கிடைத்தது. நமக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. நாம் பெற்றிருப்பவை திருச்சபையின் போதனை, திருநூல், செபம், மனச்சான்று ஆகியவைதாம். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் முழுவதும் விளங்காமலே கடவுளுக்குக் கீழ்ப்படிந்தால் அது எப்படி இருக்கும்? கடந்த நூற்றாண்டில், ஆஸ்திரிய நாட்டு உழவர் ஒருவரின் வாழ்வில் அதைக் காண்கிறோம்.

பிரான்சு யேகர்ஷ்டேட்டர் 1907ஆம் ஆண்டு மே 20இல், மேல் ஆஸ்திரியாவின் புனித ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். தாயை மணந்துகொண்ட உழவர் சிறுவனுக்குத் தம் பெயரையும் பின்னர்த் தம் நிலத்தையும் கொடுத்தார். இளமையில் பிரான்சு அடக்கமானவராக இருந்ததில்லை. ஊரில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்; திருமணத்திற்கு முன் ஒரு பெண்குழந்தைக்குத் தந்தையானவர். 1936இல் பெரிய வியாழனன்று பிரான்சிஸ்காவை மணந்து, இருவரும் உரோமைக்குத் திருப்பயணம் சென்றுவந்த பின்னரே அவர் வாழ்வில் செபம் ஆழமாக வேரூன்றியது. அடுத்தடுத்து மூன்று பெண்குழந்தைகள் பிறந்தனர். பின்னாளில் அவர் தம் ஊர்க் கோயிலின் கோயில்பிள்ளையாகவும் பணியாற்றினார். எட்டாம் வகுப்பைத் தாண்டாத இந்த எளிய மனிதரின் ஊர், இட்லர் பிறந்த பிரவுனாவ் மாவட்டத்திலேயே அமைந்திருந்தது.

1938 மார்ச்சில் இட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10இல், நாட்டை ஜெர்மனியோடு இணைத்துக்கொள்ள ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. ஆஸ்திரிய ஆயர்களே அதற்கு ஆதரவாக அறிக்கை விட்டிருந்தனர். யேகர்ஷ்டேட்டரின் ஊரில் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஒரே கத்தோலிக்கராக இருந்துகொண்டு உண்மையான நாத்சியாகவும் இருக்க முடியாது என்று லின்ஸ் ஆயர் கிஃபோல்னர் 1933இல் எழுதிய சுற்றுமடலை அவர் மறக்கவில்லை. ஆயர் சொன்னதை மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்பதை ஆயர்களே சிலவேளை எதிர்பார்ப்பதில்லை போலும்.

ஆயினும் அவர் முடிவு ஒரே நாளில் பிறந்ததன்று. 1938 சனவரியில் அவருக்கு ஒரு கனவு வந்தது. மலையைச் சுற்றிவரும் அழகான தொடர்வண்டி ஒன்றில் பெரியவரும் சிறியவருமாகக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். அந்த வண்டி நரகத்திற்குச் செல்கிறது என்று ஒரு குரல் கேட்கிறது. அதன் பொருள் அப்போதே அவருக்குப் புலப்பட்டுவிடவில்லை. அந்த வண்டி நாத்சி இயக்கமே என்ற தெளிவு பின்னரே வந்தது. 1940இல் படைக்கு அழைப்பு வந்தபோது அவர் சென்றார், உறுதிமொழியும் எடுத்தார், ஏறத்தாழ ஓராண்டில் விடுவிக்கப்பட்டு நிலத்துக்குத் திரும்பினார். படையில் கண்டவையும் கேட்டவையும் சேர்ந்தே அவரை உறுதிப்படுத்தின. இனி ஒருமுறை அழைத்தால் ஆயுதம் ஏந்தப்போவதில்லை என்று ஊரில் வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கினார். சூசையப்பரைப் போலவே இவருக்கும் ஓரடி ஓரடியாகத்தான் வெளிச்சம் கிடைத்தது.

அவருக்கு அறிவுரை சொல்ல வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பங்குத்தந்தை கரோபாத் நாத்சிகளுக்கு எதிராக மறையுரை ஆற்றியதற்காகச் சிறை சென்றவர். அவரும், அவருக்குப் பின் வந்த பியூர்த்தவர் அடிகளாரும், அவரது உயிரைக் காக்கவே விரும்பினார்கள். இறுதியில் அவர் லின்ஸ் சென்று ஆயர் பிளீசரைச் சந்தித்தார். ஆட்சியாளரின் செயல்களுக்குத் தனிக்குடிமகன் பொறுப்பாளி அல்லன், குடும்பத்தைக் காப்பதே உன் கடமை என்ற வகையில் ஆயர் அவருக்கு எடுத்துரைத்தார். உடன்சென்றிருந்த பிரான்சிஸ்கா, கணவர் வருந்திய முகத்தோடு வெளியே வந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆயர் எடுத்துக்கொண்ட வாதத்தின் அடித்தளத்தைச் சற்று நின்று பார்ப்போம். அது ‘உனக்கு முழுவதும் தெரியாது’ என்பதே. போரின் காரணங்கள், அரசுகளின் ஒப்பந்தங்கள், படைத்தலைவர்களின் திட்டங்கள் எவையும் ஓர் உழவனுக்குத் தெரியாது. தெரியாதவன் தீர்ப்பிடலாகாது. ஆகவே, தெரிந்தவர்களுக்குக் கீழ்ப்படி. கேட்பதற்கு இது தாழ்ச்சியின் குரல்போலவே இருக்கிறது! நாமும் எத்தனையோ முறை இதைப் பேசியிருக்கிறோம், கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். யேகர்ஷ்டேட்டரும் தமக்கு எல்லாம் தெரியும் என்று வாதிடவில்லை. ஆனால் அநியாயமாகப் பிற நாடுகளைப் பறிக்கும் போரில் கொலைக் கருவியாக நிற்பது பாவம் என்ற ஒன்று அவருக்குத் தெரியும். தெரிந்த அந்த ஒன்றை, தெரியாத நூறு செய்திகளின் பெயரால் தெரியாததாக்கிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். தம் மறுப்பால் போர் நிற்குமா, எவராவது கேள்விப்படுவார்களா, தம் பிள்ளைகளுக்குச் சோறு கிடைக்குமா என்பவைதாம் அவருக்கு விளங்காதவை. அவற்றைக் கடவுளின் கையில் விட்டுவிட்டார்.

ஒரே அறியாமையிலிருந்து இரண்டு கீழ்ப்படிதல்கள் பிறக்கக்கூடும் என்பதை இங்கே காண்கிறோம். ஒன்று, விளைவை அறியாமலே நன்மையைச் செய்கிறது. மற்றது, ‘எனக்கென்ன தெரியும்’ என்று சொல்லித் தீமைக்குத் தோள்கொடுக்கிறது. இலட்சக்கணக்கான யூதர்களைச் சாவுக்கு அனுப்பிய அடால்ஃப் ஐக்மன், 1961இல் எருசலேமில் விசாரிக்கப்பட்டபோது, தான் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் மட்டுமே என்று வாதாடினான். கீழ்ப்படிதல் என்ற புண்ணியத்தின் ஆடையை அணிந்துகொள்ள எதற்கும் முடிகிறது.

நம் வீட்டுக்கு அருகிலும் இதைப் பார்க்கலாம். தமிழகத்தின் பல ஊர்களில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கோயிலில் தனி இடம், இறந்தபின் தனிக் கல்லறை என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்தோம். அவர்கள் முறையிட்டபோதெல்லாம் பொறுமையும் கீழ்ப்படிதலும் அவர்களுக்குப் போதிக்கப்பட்டன. அந்தச் சுவரைக் கட்டியவர் எந்தத் தலைமுறை மேஸ்திரி என்பது ஊராருக்குத் தெரியும். ஆனாலும் இறைத்திட்டம் என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. விளங்காத மறைபொருள் எதுவும் அங்கே இல்லை.

விசுவாசத்தின் இசைவு அறிவின் குருட்டு அசைவு ஆகாது என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870இலேயே கற்பித்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் நம்பிக்கையின் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுகையில், மனிதர் தம்மை முழுவதுமாக, சுதந்திரமாகக் கடவுளிடம் ஒப்படைப்பதாகவே அதை விளக்குகிறது. மனச்சான்று என்பது மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை என்றும் அதே சங்கம் கற்பித்தது. அச்சங்கத்தின் இறுதி ஆண்டான 1965இல், முன்னர்ப் பம்பாயின் பேராயராக இருந்த இயேசு சபையைச் சேர்ந்த தாமஸ் இராபர்ட்ஸ், யேகர்ஷ்டேட்டரின் வரலாற்றை எழுத்து வடிவில் சங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். போர்க்கருவி ஏந்த மனச்சான்றின் பொருட்டு மறுப்போருக்குச் சட்டம் மனிதத்தன்மையோடு இடமளிக்க வேண்டும் என்ற கருத்து, ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில் இடம்பெற்றது.

இங்கே ஒருவர் நியாயமாகக் குறுக்கிடலாம். மனச்சான்று என்று ஒவ்வொருவரும் தம் பிடிவாதத்திற்குப் பெயர்சூட்டிக்கொண்டால் என்ன ஆவது? பங்குப்பேரவைக் கூட்டங்களில் அமர்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் நன்றாகத் தெரியும்! இதற்குச் சூத்திரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் யேகர்ஷ்டேட்டர் நடந்துகொண்ட முறையில் சில அடையாளங்கள் தென்படுகின்றன. அவர் அறிவுரையைத் தேடிச் சென்றார். தமக்கு எதிரான வாதங்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அந்தக் குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. புனித பிரான்சிஸ்கு மூன்றாம் சபையில் சேர்ந்தார். நாள்தோறும் நற்கருணைக்கு அருகில் இருந்தார். போருக்குச் சென்ற அண்டை வீட்டாரைப் பழிக்கவில்லை. தமக்குக் கிடைத்த அருள் அவர்களுக்குக் கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று கருதினார். ஆயுதமின்றி மருத்துவப் பணியாளராகச் சேவை செய்ய அணியமாக இருந்தார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பிடிவாதக்காரரிடம் இத்தகைய இளகிய பக்கம் இருப்பது அரிது. அவருடைய முடிவால் அவருக்கு இலாபம் எதுவும் இல்லை என்பதும் ஓர் அடையாளமே. நம் பிடிவாதங்கள் பெரும்பாலும் நமக்குச் சாதகமானவை.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பாணை வந்தது. மார்ச் 1இல் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று தம் மறுப்பைத் தெரிவித்தார். லின்ஸிலும் பின்னர்ப் பெர்லினிலும் சிறை வைத்தார்கள். சூலை 6இல் படைத்துறை நீதிமன்றம் அவருக்கு மரணத் தண்டனை விதித்தது. அதே சிறையில், இட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து முந்திய ஆண்டு கொல்லப்பட்ட பிரான்சு ரைனிஷ் என்ற குருவைப் பற்றிச் சிறை ஆன்மகுரு கூறியபோது யேகர்ஷ்டேட்டர் பெரிதும் ஆறுதல் அடைந்தார். அதுவரை தாம் ஒருவரே அவ்வழியில் தனித்து நடப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார். விளங்காத வழியில் முன்னே சென்ற ஒருவரின் காலடித்தடம், ஆயிரம் விளக்கங்களைவிடப் பெரிய கொடை. ஆகஸ்டு 9 மாலை, பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டினால் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு வயது 36.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் கதை அழகாக முடியும். ஆனால் கீழ்ப்படிந்தவர் அவர் ஒருவர் மட்டுமா? அவருடைய முடிவின் விலையை அவருக்குப்பின் செலுத்தியவர் வேறொருவர். தொடக்கத்தில் பிரான்சிஸ்காவும் கணவரைத் தடுக்க முயன்றவரே. உறவினர் அனைவரும் சேர்ந்து அவரைக் குறைகூறி, தாம் ஒருவர்கூட அவர் பக்கம் நில்லாவிட்டால் அவருக்கு யாருமே இருக்கமாட்டார்கள் என்று உணர்ந்தபோது, அவர் மனம் மாறினார். சூலை மாதத்தில், பங்குத்தந்தை பியூர்த்தவரோடு பெர்லின்வரை சென்று, சிறையில் கணவரைச் சந்தித்தார். இருபது நிமிட அளவே கிடைத்த அச்சந்திப்பே கடைசி. மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயதும் நிறையவில்லை.

மனைவியும் மக்களும் இருக்கிறார்கள் என்பதற்காகக் கடவுளைப் புண்படுத்த ஒருவருக்கு உரிமை கிடைத்துவிடுவதில்லை என்று யேகர்ஷ்டேட்டர் எழுதியிருக்கிறார். மறுக்க முடியாத வாதம்தான். ஆயினும் ஒரு குடும்பத் தலைவனாக இதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு நடுங்காமல் இராது. தந்தையற்ற மூன்று பெண்குழந்தைகளின் துயரத்தையும் ‘ஆண்டவர் சித்தம்’ என்ற சொல்லால் மூடிவிட எனக்குத் துணிவு இல்லை. கணவரைக் கொன்றது கடவுளின் சித்தமன்று, இட்லரின் நீதிமன்றம். கடவுள் கேட்டது பொய்யான போரில் கொல்லாதிருப்பதை மட்டுமே. ஆனால் அந்த ஒன்றைக் கேட்டால் இவையெல்லாம் பின்தொடரும் என்பதும் அவருக்குத் தெரியாதா என்று பிரான்சிஸ்கா இரவுகளில் கேட்டிருந்தால், அவரைக் கடிந்துகொள்ள எவரால் இயலும்? கெத்சமனித் தோட்டத்தில் மகனே தந்தையிடம் கிண்ணத்தை அகற்றும்படி கேட்டார். அவருக்கு விளக்கம் அளிக்கப்பட்டதாக எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை.

போர் முடிந்தும் நிலைமை உடனே மாறவில்லை. ஊரில் சிலர் பிரான்சிஸ்காவையே குற்றஞ்சாட்டினார்கள். கணவரைப் பக்தி முற்றியவராக்கியது அவள்தான் என்றார்கள். போரில் இறந்தவர்களின் மனைவியர்க்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950வரை மறுக்கப்பட்டது. அவருடைய கணவர் நாட்டுக்காகச் சாகவில்லையாம்! 1946இல் யேகர்ஷ்டேட்டரைப் பற்றிய கட்டுரை ஒன்று மறைமாவட்ட இதழில் வெளிவருவதற்கு ஆயர் பிளீசர் இசையவில்லை. தங்கள் கடமையை நிறைவேற்றுவதாக நம்பிப் போர்முனையில் மடிந்த இளைஞர்களே பெரிய வீரர்கள் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளை இழந்த ஆயிரக்கணக்கான வீடுகளை மனத்தில் கொண்டு அவர் அப்படி முடிவெடுத்திருக்கலாம். ஆயினும் அந்த ஒரு வீட்டுக்கு அது இன்னொரு தீர்ப்பாகவே அமைந்தது.

அதே 1946 ஆகஸ்டு 9இல் யேகர்ஷ்டேட்டரின் அஸ்தி ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, கோயில் சுவரை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டது. பிரான்சிஸ்கா நிலத்தை உழுது, மாடுகளைப் பராமரித்து, பிள்ளைகளை வளர்த்தார். கணவர் விட்டுச்சென்ற கோயில் வேலைகளையும் செய்துவந்தார். 1964இல் அமெரிக்கச் சமூகவியலார் கோர்டன் சான் எழுதிய நூல் வெளிவரும்வரை அந்தக் கல்லறையைத் தேடி வெளியூரார் வந்தது அரிது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கியது. பிரான்சிஸ்காவுக்கு அப்போது 84 வயது.

2007 அக்டோபர் 26இல், லின்ஸ் பேராலயத்தில், பிரான்சு யேகர்ஷ்டேட்டர் மறைசாட்சியாகவும் அருளாளராகவும் அறிவிக்கப்பட்டார். ஆயரைப் பார்த்துவிட்டு வருந்திய முகத்தோடு கணவர் வெளியே வந்த அதே நகரம் அது. அன்று அந்த வழிபாட்டில் 94 வயது பிரான்சிஸ்காவும் மகள்களோடு அமர்ந்திருந்தார். பின்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2013 மார்ச் 16இல், நூறாவது பிறந்தநாள் கழிந்து பன்னிரண்டாம் நாள் அவர் கண்மூடினார். பெர்லின் சிறையில் நிகழ்ந்த அந்த இருபது நிமிடச் சந்திப்புக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள்.